தப்பிக்க வழியில்லாத பிளாட்

"கதவைச் சாத்து! யாரும் அசையாதீங்க!"

குளியலறைத் தரையில் குப்புறப் படுத்து, வாஷிங் மெஷினுக்கு அடியில் டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சியபடி நோட்டீஸ் கத்தினார். அசைவதற்கு அங்கே பெரிய கூட்டம் ஒன்றும் கூடியிருக்கவில்லை. குளியலறை வாசலில் மனைவி, கையைப் பிசைந்துகொண்டு. கூடத்து நாற்காலியில் மாமனார், முகத்துக்கு நேரே செய்தித்தாளை விரித்துக்கொண்டு. வீட்டில் மனிதர்கள் அவ்வளவுதான். அசைந்தாக வேண்டிய நான்காவது ஜீவனைத்தான் காணவில்லை.

மணி மூன்று இருபது. நாலு மணிக்குப் பூனைக் காப்பகத்து அம்மா வருகிறார். அவர் வரும்போது பூனை இருந்தால், பூனை இவர்களுடையது. இல்லாவிட்டால், இல்லை. கணக்கு அவ்வளவு சுலபம்.

"மெஷினுக்குப் பின்னாடி பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பின்னாடி போகவே முடியாது. நானே பலகை அடிச்சு மூடியிருக்கேன்."

"அப்போ அடியில மட்டும் எப்படிப் போகும்?"

அடியிலும் பலகை அடித்திருந்தது நோட்டீசுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கால் மணி நேரமாக அவர் டார்ச் அடித்துக்கொண்டிருந்தது தன் சொந்தப் பலகையின் மேல்.

நோட்டீஸ் என்பது அவர் பெயரல்ல. பெயர் என்று ஒன்று இருந்தது. இப்போது அது சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருக்கிறது. தீ பாதுகாப்பு ஆய்வாளர் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாகக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, அவசர வழியில் சைக்கிள் நிறுத்தியவர்களுக்கும் தீயணைப்பான் மேல் சட்டை காயப்போட்டவர்களுக்கும் நோட்டீஸ் கொடுத்துக் கொடுத்து, அதுவே ஆளுக்குப் பெயராகிவிட்டது. ஒருமுறை பிறந்தநாள் விருந்துக்குப் போன இடத்தில், கேக்கின் மெழுகுவத்தி திரைச்சீலைக்கு ஒரு முழத்துக்குள் எரிவதாகச் சொல்லி, விருந்து கொடுத்தவருக்கே நோட்டீஸ் கொடுத்தார். அதன்பிறகு அவரை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. அந்த வீட்டில் தீயும் பிடிக்கவில்லை. தன் கட்சி ஜெயித்துவிட்டதாகவே அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவரிடம் மனைவி ஒரு பூனை கேட்டாள்.

அவள் வீட்டிலிருந்தபடியே மிக்சிக்கும் கீசருக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் 'பயன்படுத்தும் முறை' எழுதித் தருகிறவள். "நாள் பூரா இந்த வீட்ல நான் தனியாப் பேசிட்டிருக்கேன்" என்றாள். "நீங்க ஆபீஸ்ல. அப்பா காது மெஷினைக் கழட்டி டப்பால போட்டுட்டு பேப்பருக்குள்ள போயிடறாரு. பேசினா முகத்தைப் பாக்கற மாதிரி ஒண்ணு வேணும். அவ்வளவுதான்."

அதற்கு முன்பு அவள் கேட்ட மீன்தொட்டியில், ஷார்ட் சர்க்யூட் அபாயம் கருதி மோட்டார் பிடுங்கப்பட்டு, மீன்கள் மூச்சுத் திணறிக் காலமாயின. அதற்கும் முன்பு கேட்ட பூச்செடி, அவசர வழியை மறிப்பதாக வெயில் படாத மூலைக்கு மாற்றப்பட்டு அங்கேயே கண்ணை மூடியது. ஆகவே இந்த முறை கேட்டதோடு அவள் நிறுத்திக்கொள்ளவில்லை. குரலை உயர்த்தாமல் ஒன்று சேர்த்துச் சொன்னாள்:

"இதுவும் உங்க பாதுகாப்புல போச்சுன்னா, இனிமே இந்த வீட்ல நான் எதுவுமே கேக்க மாட்டேன்."

பத்து மாடிக்கு அப்பால் புகை வந்தாலும் மூக்கைச் சுருக்கும் நோட்டீசுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்த வீட்டிலேயே அபாய வாசனை அடித்தது.

காப்பகத்தின் ஏற்பாடு இதுதான். வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே வளர வேண்டிய பூனை. பத்து நாள் சோதனைக்குத் தருவார்கள். பத்தாம் நாள் காப்பகத்து அம்மா நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் பூனையோடு திரும்பிப் போய்விடுவார். பன்னிரண்டு வீடு பார்த்தால் பதினோரு வீட்டை வேண்டாம் என்பவர் என்று பெயரெடுத்தவர். அதைக் கேட்டதும் நோட்டீசுக்கு அந்த அம்மாள் மேல் ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது.

வேலையில் இறங்கினார். காப்பகம் கொடுத்த பட்டியலில் பதினேழு அம்சங்கள். அவர் கையில் அது தொண்ணூற்று நான்கு ஆயிற்று. ஜன்னலுக்கு வலை போடச் சொன்னார்கள். இரட்டை வலை போட்டார். மணல் தட்டு ஒன்று கேட்டார்கள். மூன்று வைத்து, மூன்றுக்கும் போகும் வழியை அம்புக்குறி ஒட்டிக் காட்டினார். ஏறி உட்கார ஒரு பலகை என்றார்கள்; மூன்று மாடியில் ஒட்டுப்பலகை மாளிகையே கட்டி, மாடிக்கு இரண்டு அவசர வழி விட்டு, ஒவ்வொன்றின் மேலும் இருட்டில் ஒளிரும் எழுத்தில் 'வெளியே' என்று எழுதினார். பூனை நுழையக்கூடிய பொந்துகள் முப்பத்தொன்று என்று எண்ணி, ஒவ்வொன்றாக அடைத்து, அடைத்ததற்குத் தேதியும் போட்டுக்கொண்டே வந்தார்.

"ஜெயில்ல கூட இவ்வளவு கிடையாது மாப்ள" என்றார் மாமனார். ரிட்டயர்டு ரயில் டிரைவர். இன்ஜின் சத்தத்துக்கு முப்பது வருடம் காதைக் கொடுத்தவர். மிச்சமிருந்ததை மருமகனுக்குக் கொடுக்க விருப்பமில்லாதவர். "பூனை என்ன குத்தம் பண்ணுச்சு?"

பூனை வந்தது. வெள்ளைவெளேரென்று, ஒரு கண் நீலமும் ஒரு கண் மஞ்சளுமாக. மனைவி பஞ்சு என்று பெயர் வைத்தாள். மாளிகையை ஒரு தடவை சுற்றிவந்து முகர்ந்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அதற்கப்புறம் மாளிகை இருந்த திசையிலேயே தலை வைத்துப் படுக்கவில்லை.

நோட்டீஸ் "பஞ்சு" என்று கூப்பிட்டால் திரும்பாது. "பஞ்சூ" என்று நீட்டினாலும் திரும்பாது. மனைவி ஒன்றும் சொல்லாமல் குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உடனே வால் நிமிர்ந்து ஓடி வரும். வந்து, அவள் பேசப் பேச, முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். கீசரின் பயன்படுத்தும் முறை முழுவதையும் அது ஒரே மூச்சில் கேட்டிருக்கிறது. கீசர் வாங்கியவர்கள்கூடச் செய்யாத காரியம்.

"என்னை மட்டும் ஏன் மதிக்க மாட்டேங்குது?" என்றார் நோட்டீஸ்.

"பூனை அப்படித்தான். பழகணும்" என்றாள் மனைவி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. பத்தாம் நாள், அதாவது இன்று, மூன்று மணிக்கு, நோட்டீஸ் தீப்பயிற்சி நடத்தும் வரை.

நாலு மணிச் சோதனைக்கு முன்னால் ஒரு ஒத்திகை. தீப்பிடித்தால் இந்த வீட்டுப் பூனை இரண்டே நிமிடத்தில் கீழே பத்திரமாக இருக்கும் என்று நிரூபித்துக் காட்டினால், அந்த அம்மாள் சொக்கிப்போவார் என்பது அவர் திட்டம். பூனையைக் கூண்டில் போட்டு எடுத்துவருவது அவர் பொறுப்பு. வாசல் பக்கத்தில் எப்போதும் தயாராக இருக்கும் அவசரப் பையை எடுத்துவருவது மனைவி பொறுப்பு. அதில் பத்திரங்கள், தண்ணீர், டார்ச், கம்பளி. மாமனாருக்கு அவரையே எடுத்துவரும் பொறுப்பு. எல்லோரும் நாலு மாடி இறங்கி, வாசல் காவலாளியின் மேஜையருகே கூட வேண்டும்.

பட்டனை அமுக்கினார். ஐந்து அறைகளில் ஐந்து அலாரங்களும் ஒன்றாக அலறின. தெருவில் நின்றிருந்த கார் ஒன்று பயந்துபோய்த் தானும் அலறியது.

மனைவி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

மாமனார் ஓடவில்லை. காதுக் கருவி டப்பாவில் இருந்தது. அவருக்காகவே நோட்டீஸ் பொருத்தியிருந்த ஏற்பாடு ஒன்று உண்டு: அலாரம் அடித்தால் கட்டிலையே பிடித்து உலுக்கும் இயந்திரம். அலாரம் கேட்காதவர்கள் மேல்மாடியில் வசிக்கக் கூடாது என்பது அவர் வீட்டில் சட்டம். மாமனாரை ஒருமுறை தரைத்தளத்தில் வீடு பார்த்து அனுப்பவே ஏற்பாடு செய்து, மனைவி கண்ணைக் கசக்கியதால் இந்த இயந்திரத்தோடு சமரசமானார். இயந்திரம் இன்றும் கடமை தவறாமல் கட்டிலை உலுக்கியது. மாமனார்தான் நாற்காலியில் இருந்தார். கட்டில் மட்டும் தன்னந்தனியாகக் கால் மணி நேரம் ஆடிவிட்டு ஓய்ந்தது.

நோட்டீஸ் பூனையைத் தேடினார். காணவில்லை. 'முப்பது விநாடியில் கிடைக்காவிட்டால் வெளியேறு' என்பது அவரே எழுதிய விதி. காலிக் கூண்டோடு இறங்கினார்.

கீழே மனைவி மேஜைமேல் பையை வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க இது, பையில கல்லு கில்லு வச்சிருக்கீங்களா? தோள்பட்டை கழண்டுடுச்சு."

"நாலு கிலோ இருநூறு. மாசா மாசம் எடை போடறேன். பையில தப்பில்ல. உனக்குத்தான் உடம்பு தளர்ந்துபோச்சு" என்றார் நோட்டீஸ், ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தபடி.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்போ தளராத உடம்புக்காரர் நீங்களே தூக்கிட்டு வாங்க" என்று பையை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறினாள். நோட்டீஸ் பின்னாலேயே சமாதானம் சொல்லிக்கொண்டே ஏறினார். மேலே வந்து பார்த்தால் பூனை இல்லை. அந்த நிமிடத்தோடு பையாவது ஒன்றாவது!

"பயந்து எங்கயோ ஒளிஞ்சிருக்கு" என்றார் நோட்டீஸ். "பயந்த மிருகம் பொந்துக்குள்ளதான் போகும்."

"பொந்துதான் இல்லையே. முப்பத்தொண்ணையும் அடைச்சாச்சே."

"அதான் எனக்கும் புரியல."

மூன்று இருபத்தைந்து. அலமாரிகள் திறக்கப்பட்டன. கட்டில்கள் கவிழ்க்கப்பட்டன. மூன்று மாடி மாளிகையின் கூரை பிய்க்கப்பட்டது. அவசர வழிகள் ஆறும் காலி.

மூன்று முப்பது. சுவரிலிருந்த இன்டர்காம் மணி அடித்தது. மனைவி ஓடிப்போய்க் கையை வைத்தாள்.

"எடுக்காதே!" என்று பாய்ந்தார் நோட்டீஸ். "சத்தம் போட்டா இன்னும் உள்ள போயிடும். அது நடுங்கிட்டு இருக்கும் இப்போ!"

"சத்தம் போடறது நீங்கதாங்க."

இன்டர்காம் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அதன் வாயில் நோட்டீஸ் தலையணையை வைத்து அழுத்தினார்.

மூன்று முப்பத்தைந்து. நோட்டீஸ் தலையணையைக் கீழே போட்டார். "முப்பத்தொண்ணாவது பொந்து" என்றார்.

"அதுக்கென்ன?"

"இன்னிக்குக் காலையிலதான் அடைச்சேன். கிச்சன் அலமாரிக்குப் பின்னாடி. அடைக்கறப்ப உள்ள எட்டிப் பாத்தேனா இல்லையான்னு..."

மனைவி அப்படியே சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. திட்டவில்லை. "பரவால்லைங்க" என்றாள். "நான் இனிமே எதுவும் கேக்கல."

அதுதான் அவரை உலுக்கியது. மாமனாரின் கட்டிலுக்கு அடியிலிருந்த இயந்திரம்கூட யாரையும் அப்படி உலுக்கியதில்லை. நோட்டீஸ் சுத்தியலை எடுத்தார்.

அடுத்த இருபது நிமிடம் நடந்ததை அவர் வேறு வீட்டில் பார்த்திருந்தால் நாலு நோட்டீஸ் எழுதியிருப்பார். அலமாரி சுவரிலிருந்து பெயர்ந்து நடுவில் வந்து நின்றது. தேதி போட்ட பலகைகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. முப்பத்தொன்றில் இல்லை. அப்படியானால் முப்பதில் இருக்கலாம் அல்லவா? முப்பதையும் உடைத்தார். நாள் கணக்கில் உழைத்து அடைத்த பொந்துகளை இருபது நிமிடத்தில் திறந்து, கைக்குக் கிடைக்காதவற்றுக்காகச் சுவரிலேயே இரண்டு புதிய பொந்துகளும் போட்டார்.

மாமனாருக்கு நாற்காலி அதிர்ந்ததில் செய்தித்தாளின் வரி தப்பியது. டப்பாவைத் திறந்து கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார்.

"என்ன மாப்ள, வீட்டை இடிக்கிறீங்க? காலி பண்றோமா?"

"பஞ்சுவைக் காணோம் மாமா! நீங்க பாத்தீங்களா?"

"காலையில பார்த்தேன். டப்பா கட்டிலுக்கு அடியில உருண்டுபோச்சு. எடுக்கறதுக்கு உங்க அவசரப் பையில இருந்து டார்ச் எடுத்தேன். அப்போ வாசப்பக்கம் சுத்திட்டு இருந்துச்சு."

"பையைத் திறந்தீங்களா? திறந்தா ஜிப்பை மூடணும்னு பையிலயே எழுதி ஒட்டியிருக்கேனே!"

"கண்ணு தெரியாமத்தானே டார்ச் எடுக்கறேன். அதுக்குள்ள படிக்க வேற சொன்னா எப்படி?"

மனைவி மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். "ஏங்க" என்றாள். "அந்தப் பை... நான் சொன்னேன்ல, ரொம்பக் கனமா இருந்துச்சுன்னு..."

வாசல் மணி அடித்தது. சரியாக நாலு.

காப்பகத்து அம்மா வாசலில் நின்றார். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, மார்போடு அணைத்த, காகிதங்கள் செருகிய அட்டை. ஒரு முறை உள்ளே பார்த்தார். நடுக்கூடத்தில் அலமாரி. சுவரில் ஓட்டைகள். கூரையில்லாத மாளிகை. சுண்ணாம்பு பூசிய தலையோடு, சுத்தியலோடு ஒரு மனிதர்.

"பூனைக்காக வீட்டைத் தயார் பண்ணியிருக்கோம்னு போன்ல சொன்னது நீங்கதானே சார்?"

நோட்டீஸ் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அம்மாளுக்குப் பின்னால் காவலாளி மூச்சிரைக்க வந்து நின்றான். கையில் அவசரப் பை. பைக்கு மேலே, கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, ஒரு கண் நீலமும் ஒரு கண் மஞ்சளுமாக ஒரு முகம்.

"இன்டர்காம்ல எவ்வளவு நேரம் சார் கூப்பிடறது?" என்றான் காவலாளி. "அக்கா பையை வச்சிட்டுப் போனதும் உள்ள ஏதோ அசைஞ்சுது. எட்டிப் பாத்தா, இவரு. நல்லாத் தூங்கிட்டிருந்தாரு. எழுந்ததும் பிஸ்கட் கேட்டாரு, குடுத்தேன்."

நோட்டீஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். பை நாலு கிலோ இருநூறு. பூனை மூன்றரை. மனைவியின் தோள்பட்டைக்கு ஒரு மன்னிப்புக் கடன் பாக்கி.

"வீட்டுக்குள்ளேயே வளர்க்கற பூனை வெளிய போகக் கூடாதுன்னு முதல் விதி" என்றார் காப்பகத்து அம்மா. பேனா மூடி திறந்தது. "கீழ வாசல்ல என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

"தீப்பயிற்சிங்க" என்றாள் மனைவி, தலை குனிந்தபடி. "மூணு மணிக்கு அலாரம் அடிச்சாரு. நான் பையைத் தூக்கிட்டு ஓடினேன். உள்ள தூங்கிட்டிருந்தது எனக்குத் தெரியாது."

அம்மாளின் பேனா நின்றது. "அலாரம் அடிச்சு எவ்வளவு நேரத்துல கீழ போச்சு?"

பூனை போகப்போகிறது, மனைவி போகப்போகிறாள் போல இருக்கிறது, வீடும் பாதி போய்விட்டது. ஆனாலும் கேட்டது நேரக் கணக்கு. நோட்டீசால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட்."

"இன்னொரு தடவை அடிங்க பாப்போம்."

"வேண்டாமே" என்றாள் மனைவி சட்டென்று.

நோட்டீஸ் அதற்குள் அமுக்கிவிட்டார். ஐந்து அலாரங்களும் அலறின. காவலாளி பையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். அன்று பார்த்துக் கருவி மாட்டியிருந்த மாமனார் நாற்காலியோடு துள்ளினார். தெருவில் அந்தக் கார் மறுபடி அழுதது. பஞ்சு பையிலிருந்து சாவகாசமாக இறங்கி, அலாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, பின்னங்காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது.

"பாத்தீங்களா மேடம்!" என்றார் நோட்டீஸ், அலாரத்தை அணைத்த கையோடு. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பத்தே நாள்ல என்ன நிதானம்! பதறாம, ஓடாம... அலாரத்துக்கு முன்னாடியே அவசரப் பையில போய்த் தயாரா உக்காந்திருக்கு. பயிற்சி, மேடம்!"

காப்பகத்து அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அட்டையில் கையெழுத்துப் போட்டார். 'நிரந்தரம்' என்ற கட்டத்தில். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவரைப் பூசிடுங்க. அந்தப் பையை எடுக்காதீங்க, அதான் இதோட வீடு. ஜிப் மட்டும் எப்பவும் திறந்தே இருக்கட்டும்" என்றார் அம்மா. "இதை நாலு வீட்ல கேட்டாங்க சார். நான் குடுக்கல. தீ கீன்னு ஏதாவது ஆனா இதை யார் ஞாபகமா தூக்கிட்டு ஓடுவாங்கன்னு ஒரே கவலை. இங்க அந்தக் கவலை இல்ல."

"ஏன், இதுக்கு மட்டும் என்ன தனியா?" என்றார் நோட்டீஸ்.

அம்மா கண்ணாடிக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். "இன்னும் சொல்லலையா?"

"காப்பகம் குடுத்த காகிதத்துல, மூணாம் பக்கத்துல இருக்கு" என்றாள் மனைவி, தரையைப் பார்த்து. "படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன். இருபத்தாறாவது பொந்து அடைச்சிட்டிருந்தாரு. எங்க போடணும்னு மட்டும் கேட்டாரு." பிறகு கணவரிடம் திரும்பினாள். "சொல்லியிருந்தா ஒண்ணு வேண்டாம்னிருப்பீங்க, இல்லைன்னா அதோட படுக்கைக்கு அடியிலயும் ஒரு மெஷின் வச்சிருப்பீங்க. எனக்கு அது ஒண்ணும் குறையாத் தெரியலைங்க. நான் பேசறப்ப முகத்தைப் பாக்குது. அது போதும்."

அம்மா அட்டையிலிருந்து மூன்றாம் பக்கத்தை உருவி நீட்டினார். அடியில் நோட்டீசின் சொந்தக் கையெழுத்து. அதற்கு மேலே 'படித்துப் புரிந்துகொண்டேன்'. படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காக அவர் இதுவரை எத்தனையோ பேரை வாசலில் நிற்கவைத்து வறுத்திருக்கிறார். அதற்கும் மேலே ஒரே ஒரு வரி.

'இப்பூனைக்குப் பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது.'

மாமனார் தன் காதுக் கருவியைக் கழற்றினார். டப்பாவில் போட்டு மூடினார்.

"கொடுத்து வச்ச பூனை" என்றார்.